கண்ணாடி அறையில் கானா: ஸ்டெம்செல் மாற்று சிகிச்சையின்போது இசை சிகிச்சை - ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியையும் குடும்பத்தையும் மருத்துவமனையையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. நாள்களை மாற்று சிகிச்சை வார்டு எண்ணும் வழக்கப்படியே எண்ணியிருக்கிறோம். செல்கள் உடலில் ஏறும் நாள் 0. அதற்கு முந்தையவை கழித்தல், பிந்தையவை கூட்டல்.

பின்னணி

நோயாளிக்கு வயது 52. காசிமேட்டுக்காரர், விசைப்படகு டிரைவர். கடலுக்குப் போனால் பல நாள் தங்கித் திரும்பும் வேலை. இடுப்பு வலி என்று ஒரு வருடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவருக்குக் கடைசியில் எலும்பு மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோயான மல்டிபிள் மைலோமா என்று தெரிந்தது. போர்டெசோமிப், லெனலிடோமைடு, டெக்ஸாமெத்தசோன் என நான்கு சுற்று மருந்தில் நோய் நன்றாக அடங்கியது. அடுத்து, ரத்த அணுக்களை உருவாக்கும் அவருடைய ஸ்டெம்செல்களையே சேகரித்து, நோயோடு மஜ்ஜையையும் அழித்துவிடும் மெல்ஃபலான் என்ற புற்றுநோய் மருந்தை அதிக வீரியத்தில் கொடுத்து, செல்களைத் திரும்ப ஏற்றுவது என்று முடிவாயிற்று.

போர்டெசோமிப் அவருடைய விரல் நுனிகளில் மரமரப்பை விட்டுப்போயிருந்தது. கேஸ் ஷீட்டில் அது ஒரே வரியாக இருந்தது. அந்த வரி ஏன் முக்கியம் என்பது ஏழாம் நாளில்தான் எங்களுக்குப் புரிந்தது.

அவரை இசை சிகிச்சைக்கு அனுப்பியது வார்டு சிஸ்டர். காரணம் எளிமையானது. சேர்ப்பதற்கு முன் அறையைக் காட்டியபோது அவர் கதவருகிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. காற்றிலுள்ள நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி ஓடும், ஜன்னல் திறக்க முடியாத அறை. பார்வையாளர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று இன்டர்காமில் பேச வேண்டும். சுமார் இரண்டு வாரம் அதற்குள்ளேதான். "எத்தினி நாள் கடல்ல இருந்தாலும் மேல வானம் கீது சிஸ்டர். இங்க இன்னா கீது?" என்று கேட்டிருக்கிறார்.

முதல் மதிப்பீடு

இசை சிகிச்சையாளர் அவரைப் பார்த்தது −3ஆம் நாள். பதற்றம், குமட்டல், வலி மூன்றையும் 0 முதல் 10 வரை எண்ணால் சொல்லச் சொல்வது எங்கள் வழக்கம். எண் கேட்டால் அவர் சிரித்து மழுப்பினார். ஏலத்தில் மீன் கூடைக் கணக்கில் போவதை வைத்து, "பத்துக் கூடை நிரம்பினா தாங்க முடியாத பதற்றம்னு வச்சுக்கோங்க அண்ணே, இப்ப எத்தனை கூடை?" என்று கேட்டதும், யோசிக்காமல் "ஏழு" என்றார். கடைசி நாள் வரை கூடைதான் அளவு. செவிலியர்களும் அப்படியே கேட்கத் தொடங்கினார்கள்.

அவருக்குப் பிடித்த இசையைக் கேட்டதில்தான் தவறு தொடங்கியது. மனைவி பக்கத்தில் இருந்தபோது, "சினிமாப் பாட்டு கேப்பேன், கோயில் பாட்டு கேப்பேன்" என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டோம். சிகிச்சையாளர் அத்துடன் ஒன்றைத் தானாகச் சேர்த்தார். மீனவர் ஆயிற்றே, கடல் அலை ஓசை இதமாக இருக்கும் என்று தூக்கத்துக்கு அலைப் பதிவு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

இளமையில் அவர் கானா பாடியவர் என்பதை −2ஆம் நாள் மனைவி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவரே சொன்னார். வட சென்னையில் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் கானா உண்டு. ஆனால் அதன் வேர், சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடும் மரண கானாவில் இருக்கிறது. டோலக்கோடு உட்கார்ந்தால் விடியும்வரை அந்த இடத்திலேயே வரி கட்டிப் பாடுவாராம். கல்யாணத்துக்குப் பிறகு மனைவிக்காக அதை விட்டுவிட்டார்.

என்னென்ன பொருள்கள் அறைக்குள் போகலாம்

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. இசை சிகிச்சை மாற்று வார்டில் தடுமாறுவது பெரும்பாலும் பாட்டுத் தேர்வில் அல்ல, பொருள்களில்தான்.

டோலக் கேட்டோம். தொற்றுத் தடுப்பு செவிலியர் மறுத்தார், மறுத்தது சரி. தோலும் மரமும் கயிறும் ஈரத்தை உறிஞ்சும். பூஞ்சை வித்துகள் தங்கும், துடைத்து நீக்க முடியாது. வெள்ளணுவே இல்லாத உடலுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை உயிரை எடுக்கும். மண்கடம், மண்சட்டி ஆகியவற்றுக்கும் நுண்துளை உண்டு என்பதால் அவையும் கூடாது. ஊதும் கருவிகள் எதுவுமே கூடாது.

எங்களிடம் இருந்த ஹெட்ஃபோனில் காதுப் பகுதி பஞ்சு. அதுவும் திரும்பி வந்தது. அதற்குப் பதிலாக சிறிய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையைத் தினமும் மாற்றினோம். உறைக்குள் இருந்தால் ஒலி கொஞ்சம் மங்கும். பேச்சும் பாட்டும் கேட்க அது போதும். தலையணை அருகே ஒலி 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வைத்தோம்.

தாளத்துக்கு என்ன செய்வது? எவர்சில்வர் குடம் என்று சொன்னது நோயாளிதான். இரண்டு லிட்டர் பிடிக்கும் சின்னக் குடம் ஒன்று வாங்கி, துணியில் சுற்றி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்பினோம். 121 டிகிரி, 30 நிமிடம். முதல் முறை தோற்றது. கிருமி நீக்கம் சரியாக நடந்தால் நிறம் மாறும் காட்டிப் பட்டை ஒன்று குடத்துக்குள் அடியில் ஒட்டியிருந்தது, அது பாதிதான் மாறியிருந்தது. குடத்தை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அந்த வகை ஆட்டோகிளேவில் நீராவி மேலிருந்து இறங்கி, அதைவிடக் கனமான காற்றைக் கீழே தள்ளி வெளியேற்ற வேண்டும். நிமிர்ந்த குடத்தில் தண்ணீர் நிற்பதுபோல் காற்று நின்றுவிடும், அடிக்கு நீராவி போய்ச் சேராது. உள்ளே தண்ணீரும் தேங்கியிருந்தது. அடுத்த முறை வாய் பக்கவாட்டில் இருக்கும்படி சாய்த்து வைத்தார்கள். பட்டை முழுதாக மாறியது, உள்ளும் உலர்ந்திருந்தது. குடத்தின் ஒலி கூர்மையாகக் காதைக் குத்தும். கிருமி நீக்கிய சிறு துண்டை உள்ளே திணித்ததும் அடங்கி, ஏறக்குறைய டோலக்கின் இடது பக்கம்போல் பேசியது.

மெல்ஃபலான் நாள்: எந்தப் பாட்டைச் செலவழிப்பது?

−1ஆம் நாள் மெல்ஃபலான். சதுர மீட்டருக்கு 200 மி.கி. கணக்கில் அவருக்கு 320 மி.கி. இந்த மருந்தைக் கரைத்த பின் 60 நிமிடத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். ஆகவே அமர்வின் நேரத்தை நாம் குறிக்க முடியாது, மருந்தகம் கரைக்கும் நேரமே அதைக் குறிக்கும். வாய்ப்புண்ணைக் குறைக்க ஐஸ்கட்டியை வாயில் வைத்திருக்க வேண்டும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கினால் வாய்ச் சதைக்கு மருந்து குறைவாகப் போகும். மருந்து தொடங்க 15 நிமிடம் முன்பிருந்து, முடிந்து இரண்டு மணி நேரம் வரை என்பது இந்த வார்டின் முறை. கொதித்து ஆறிய நீரில் செய்த ஐஸ் மட்டும்தான்.

ஐஸ் எளிது போலத் தோன்றும். ஆனால் அரை மணி நேரத்தில் பல் கூசி, தாடை வலித்து, பெரும்பாலோர் துப்பிவிடுவார்கள். அந்த நேரத்தைக் கடக்க இசை உதவும் என்பதால்தான் எங்களை அழைத்தார்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அதிக வீரிய மெல்ஃபலானில் குமட்டல் வரும் என்பது தெரிந்ததே. குமட்டலோடு சேர்ந்து வந்த வாசனை, சுவை, ஒலி எதுவும் பிறகு தானாகவே குமட்டலைக் கிளப்பலாம். அவருக்கு உயிரான கானாவையோ, மனைவிக்குப் பிடித்த பாட்டையோ அன்று போட்டால், அந்தப் பாட்டை அவர் வாழ்நாள் முழுக்க இழக்க நேரலாம்.

அதனால் அவருக்கு எந்த ஒட்டுதலும் இல்லாத இசையைத் தேடினோம். வீணை தனிவாசிப்பு ஒன்றில் அவர் உடன்பட்டார். இந்த ராகம் இந்த நோயைத் தீர்க்கும் என்ற எண்ணம் இந்தத் தேர்வில் துளியும் இல்லை. சுமார் ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டினோம். ஒரு துண்டு முடிந்தால் பழைய ஐஸை விழுங்கிவிட்டுப் புதுக் கட்டி. "இன்னும் ரெண்டரை மணி நேரம்" என்று சொல்லவே இல்லை, "இந்த வீணை முடியட்டும் அண்ணே" என்றுதான் சொன்னோம். முழு நேரமும் ஐஸ் வைத்திருந்தார்.

அன்றிரவு: அலை ஓசை

இரவு ஒன்பதுக்கு அலைப் பதிவு போடப்பட்டது. பதினொன்றுக்கு அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணிக்கும் அப்படியே. பதற்றம் எட்டுக் கூடை. காலையில் சொன்னது: "அலை சத்தம் இவ்ளோ கிட்ட கேட்டா படகு கரையாண்ட வந்துடுச்சுனு அர்த்தம் டீச்சர். இன்ஜின் சத்தம் இல்லாம அலை மட்டும் கேட்டா இன்ஜின் நின்னுடுச்சுனு அர்த்தம். எப்பிடி தூங்குவேன்?"

அவரைக் கேட்காமலே எது இதம் என்று முடிவு செய்தது எங்கள் பிழை. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று குமட்டலுக்கு டெக்ஸாமெத்தசோனும் கொடுக்கப்பட்டிருந்தது, அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும். எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஆனால் அவர் பதிலிலேயே வழியும் இருந்தது. இன்ஜின் ஓசையில் தூங்கிப் பழகியவர் அவர். அறையில் ஹெப்பா காற்று இயந்திரம் ஓயாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது, அதுவரை எல்லோருக்கும் அது தொந்தரவு மட்டுமே. சிகிச்சையாளர் சுருதிப் பெட்டிச் செயலியை வைத்துப் பார்த்தார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மோட்டார் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் முனகும். சுருதியின் உயரத்தைக் கட்டையில் சொல்லும் கணக்கில் அது ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் தூக்கல். ஐந்து கட்டையை ஆதார ஸ்வரமான ஸ ஆக வைத்து அவரால் பாட முடியாது. ஆனால் ஒரு கட்டை சுருதிக்கு அதுவே பஞ்சமம், அதாவது ப. ஒரு கட்டையை ஒரு மயிரிழை உயர்த்திப் பிடித்தால், அறையே பஞ்சமம் போட்டுக் கொடுக்கும் தம்புராவாகிவிடும். வாயை மூடி "ம்ம்" என்று அந்த ஸவைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு ஒலியும் பொருந்திய இடத்தில் அவர் தலையைத் தூக்கி மேலே காற்றுத் திறப்பைப் பார்த்தார். "லாஞ்சு இன்ஜின்தான் இது" என்றார். அன்று முதல் இரவில் எந்தப் பதிவும் போடவில்லை. பத்து நிமிடம் மெல்ல முனகிவிட்டுப் படுப்பார். பாதி ராத்திரி எழுவது நிற்கவில்லை, ஆனால் திரும்பத் தூங்கினார்.

0 முதல் +5 வரை: பாட்டுக் கட்டுதல்

செல்கள் உறைய வைக்கப்படாமல் ரத்த வங்கியில் 4 டிகிரியில் இருந்தன. 0 நாளில் அரை மணி நேரத்தில் ஏறி முடிந்தன. அன்று அமர்வு இல்லை. அவரே வேண்டாம் என்றார், மனைவியோடு கண்ணாடி வழியே பேசிக்கொண்டிருந்தார்.

+1 முதல் தினமும் 20 நிமிடம். குடம் அவர் மடியில், சிகிச்சையாளர் முகக்கவசத்தோடு இரண்டு மீட்டர் தள்ளி. கானா முறையில் அன்றன்றைக்கு நடந்ததை வரியாகக் கட்டுவது வேலை. மாற்று சிகிச்சை நோயாளிகள் தங்கள் சொற்களில் பாட்டெழுதுவது பல நாடுகளில் பயன்படும் முறை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தினர் 69 பேரை வைத்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், இசை சிகிச்சை பெற்றவர்களின் மொத்த மனக்குலைவு மதிப்பெண் 37 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களும் சொந்த ஸ்டெம்செல் பெற்றவர்களே. நம் ஊரில் பாட்டுக் கட்டுவதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவை இல்லை, கானாவே அதுதான். +3இல் அவர் கட்டியது:

ஐஸ்கட்டிய வாயில போட்டு ஆறு வீணை ஓடிப்போச்சு
வெள்ளணுவ எண்ணி எண்ணி வெரலு பத்தும் தேஞ்சுபோச்சு
கண்ணாடிக்கு அந்தாண்ட நீ கைய ஆட்டி நிக்குறியே
கணக்கு ஐநூறு தாண்டிச்சுனா கதவு தொறக்கும் பாத்துக்கியே

பதற்றம் அமர்வுக்கு முன் ஆறு, ஏழு கூடை என்றால், பின் மூன்று, நான்கு. சில மணி நேரத்தில் திரும்ப ஏறும்.

மனைவியின் எதிர்ப்பு

+4 மாலை இன்டர்காம் அணைக்கப்படாமல் இருந்தது, கவனக் குறைவு. அவர் வேறொரு மெட்டைத் தனியாக முனகிக்கொண்டிருந்தார். வெளியே மனைவி அதைக் கேட்டு, நின்ற இடத்திலேயே அழுதார். மரண கானா மெட்டு அது. "அது சாவு வூட்டுப் பாட்டும்மா. உசுரோட கீற மனுசன் வாயில வரக் கூடாது. நீங்க படிச்சவங்க, நிறுத்த மாட்டீங்களா?" என்று சிகிச்சையாளரிடம் கேட்டார்.

நோயாளியிடம் இதைத் தனியாகப் பேசினோம். "சாவு வூட்டுல பாடுறது செத்தவனுக்கு இல்ல டீச்சர், விடிய விடிய முழிச்சினு கீறவனுக்கு. நான் இப்போ முழிச்சினு கீறேன்" என்றார்.

இரண்டு பேரும் சொன்னதில் நியாயம் இருந்தது. பாட்டை நிறுத்தினால் அவருக்கு இருக்கும் ஒரே கைப்பிடி போகும், மனைவியை அலட்சியப்படுத்தினால் வீட்டுக்குப் போன பிறகு அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரை இழப்போம். முடிவு இது. அமர்வின் முதல் பத்து நிமிடம் இன்டர்காம் அணைந்திருக்கும், அவர் எதை வேண்டுமானாலும் பாடலாம், பயத்தையும் பாடலாம். கடைசி ஐந்து நிமிடம் இன்டர்காம் போடப்படும், அன்று கட்டிய புது வரிகள் மட்டும். மனைவிக்குப் பின்பாட்டு. முதல் நாள் அவர் பாடவில்லை, உதட்டை மட்டும் அசைத்தார். +6இல் "பாத்துக்கியே" என்ற கடைசிச் சொல்லைத் திரும்பச் சொன்னார்.

+6 முதல் +10 வரை: விட்டுக்கொடுத்த நாள்கள்

+6 அமர்வு முடிந்த பின் வாய்ப்புண் இரண்டாம் நிலை. பாடுவது நின்றது. உதடு மூடிய முனகல் மட்டும், அதுவும் அவர் விரும்பினால்.

+7 காலை செவிலியர் அவர் வலது கை விரல் நுனிகளில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் முந்தைய நாள் 14,000. குடத்தில் தாளம் போட்டதில் சிறு ரத்தக் கசிவு. தட்டணு குறைவாக இருந்தது பாதிக் காரணம்தான். விரல் நுனியில் உணர்வு மங்கியிருந்ததால் எவ்வளவு பலமாக அடிக்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை. அந்த ஒரு வரியைப் படித்தும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அன்றே ஒரு விதி எழுதப்பட்டது. அமர்வுக்கு முன் அன்றைய தட்டணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 20,000க்குக் கீழ் என்றால் நோயாளி தட்டக் கூடாது, சிகிச்சையாளர் தட்டலாம். 10,000க்குக் கீழ் என்றால் கேட்பது மட்டும். விரல் மரமரப்பு உள்ளவர்களுக்கு 50,000 வரும்வரை தலையணையில் உள்ளங்கைத் தாளம் மட்டுமே.

அன்று மாலை காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ். ரத்தத்தில் கிருமி உண்டா என்று பார்க்கக் கல்ச்சர் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்கப்பட்டது. இரண்டு நாள் அமர்வு ரத்து. ஆன்டிபயாடிக் பட்டியலில் அமிகாசின் இருந்தது. அது காது நரம்பைப் பாதிக்கக்கூடியது. காதில் இரைச்சல் உண்டா என்று தினமும் கேட்கச் சொல்லி, ஸ்பீக்கர் ஒலியை இன்னும் குறைத்தோம்.

+10இல் காய்ச்சல் இல்லை. அவருக்குப் பேசத் தெம்பில்லை. சிகிச்சையாளர் எதுவும் பாடாமல், காற்று இயந்திரத்தின் சுருதியில் மெல்ல முனகியபடி பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். பதற்றம் ஐந்து கூடையிலிருந்து நான்கு. பெரிய மாற்றம் இல்லை.

விளைவு

வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோபிலின் எண்ணிக்கை +11இல் 500ஐத் தாண்டி, தொடர்ந்து மூன்று நாள் அதற்கு மேல் நின்றது. +15இல் வீடு திரும்பினார். திட்டமிட்ட 14 அமர்வுகளில் 10 நடந்தன. வாய்ப்புண் இரண்டாம் நிலையைத் தாண்டவில்லை. அதற்கு ஐஸ் காரணமாக இருக்கலாம், இசை அந்த ஐஸை வாயில் இருக்க வைத்தது. காய்ச்சலையோ செல்கள் பிடிக்கும் வேகத்தையோ இசை மாற்றியதாக நாங்கள் சொல்லவில்லை.

+30 பரிசோதனைக்கு வந்தபோது புறநோயாளிக் கூடத்தின் டிவியில் யாரோ வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மெல்ஃபலான் நாளின் குமட்டல் அப்படியே திரும்பியிருந்தது. அன்று கானாவைப் போட்டிருந்தால் படிக்கட்டில் உட்கார வைத்தது கானாவாக இருந்திருக்கும்.

மாற்றியவை

இசை வரலாற்றைச் சேர்க்கைக்கு முன்பே, நோயாளியிடம் தனியாகவும் குடும்பத்திடம் தனியாகவும் கேட்கிறோம். 'உங்களுக்குப் பிடித்தது எது' என்பதோடு 'எந்தச் சத்தம் கேட்டால் தூக்கம் போகும்' என்றும், 'யாருக்காக எந்தப் பாட்டை விட்டீர்கள்' என்றும் கேட்கிறோம். மருந்து நாளுக்கென்று ஒரு பட்டியல், தொடவே கூடாத பாட்டுகளுக்கென்று ஒரு பட்டியல். இரண்டும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்கும், இரவுப் பணி செவிலியருக்கும் தெரியும்படி. மருந்து நாளில் ஒட்டுதல் இல்லாத இசைக்குப் பதில் வெறும் தாளத் துண்டு போதுமா என்று அடுத்த நோயாளிகளிடம் பார்க்கிறோம். வீணையை யாரிடமிருந்தும் பறிக்க நமக்கு உரிமை இல்லை. இன்டர்காம் விசையின் நிலையை அமர்வு தொடங்கும்போது வாய்விட்டுச் சொல்வது கட்டாயம்.

குடத்தை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னோம். ஆஸ்பத்திரிப் பொருள் வீட்டுக்கு வேண்டாம் என்று மனைவி மறுத்துவிட்டார். கிருமி நீக்கப் பிரிவின் பதிவேட்டில் இப்போது 'குடம், எவர்சில்வர், 1, சாய்த்து வைக்கவும்' என்று ஒரு வரி இருக்கிறது.